பந்தலும் புட்டியும்

கோயமுத்தூர் என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்குப் பஞ்சாலைகள் ஞாபகத்துக்கு வரும். சிறுவாணித் தண்ணீர் ஞாபகத்துக்கு வரும். திராட்சைப் பழம் ஞாபகத்துக்கு வருவதில்லை. இருபது வருஷங்களாக இந்த ஊரில் பாடம் சொல்லிக் கொடுத்துக் காலக்ஷேபம் செய்து வரும் எனக்கே, சென்ற புரட்டாசி வரையில் அந்த விஷயம் சரிவரத் தெரியாது. தெரிய வைத்தவன் ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பையன். காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள், ஒரு துணிப்பை நிறையக் கருநீலப் பழக் கொத்துகளைக் கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தான்.

பரீட்சைச் சமயத்தில் வாத்தியாருக்குப் பழம் வருவதன் தாத்பரியம் எனக்குத் தெரியாததல்ல. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "என்னடா இது?" என்றேன்.

"எங்க தோட்டத்துப் பழமுங்க சார். அய்யன் குடுத்தனுப்புனாருங்க. ஒயின் கம்பெனிக்காரங்க இங்கிலீஷிலே ஒரு காகிதம் அனுப்பியிருக்காங்க. சார் ஒரு நடை வந்து அதைப் படிச்சுச் சொல்லோணுமாம்."

ஆகவே அது லஞ்சம் அல்ல, முன்கூலி என்று நிச்சயமாயிற்று. ஒரு பழத்தை வாயில் போட்டேன். தித்திப்புக்கு முன்னால் வாசனை வந்தது. பன்னீர்ச் செம்பைத் திறந்தாற்போன்ற வாசனை. பெயரும் பன்னீர்த் திராட்சைதான் என்று பையன் சொன்னான்.

எங்கள் பள்ளியில் ரஸாயனம் கற்பிக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைச் 'சரித்திரம்' என்று கூப்பிடுவார். நான் அவரை 'ரஸாயனம்' என்று கூப்பிடுவேன். அவருக்கு நாசிக் நகரத்துக்குப் போய்த் திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் ஆலைகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. குடிக்க அல்ல, பார்க்க என்று அவர் சொல்லுவார்; அவருடைய மனைவி நம்புகிறாளா என்பது வேறு விஷயம். "ஓய் சரித்திரம், நாசிக் கிடக்கட்டும். நம்முடைய ஊர்த் திராட்சையைப் பார்த்துவிட்டு வருவோம். கார் என்னுடையது, பெட்ரோல் உம்முடையது" என்றார். என் வீட்டில் உத்தரவு கேட்டேன். "பழம் வாங்கி வாருங்கள், புட்டி வாங்கி வர வேண்டாம்" என்று உத்தரவாயிற்று.

பேரூரைத் தாண்டி மேற்கே போகும் கோயமுத்தூர்க்காரன், பட்டீசுவரரைப் பாராமல் போவது வழக்கமில்லை. தரிசனம் செய்துகொண்டு, கனகசபைத் தூண்களின் சிற்பங்களை எத்தனையாவது தடவையாகவோ வாய் பிளந்து பார்த்துவிட்டு வெளியே வந்தோம். இந்த ஸ்தலத்தில் இறவாப் பனை என்றும் பிறவாப் புளி என்றும் இரண்டு அதிசயங்கள் சொல்வார்கள். அந்தப் பனைக்குச் சாவு இல்லை. அந்தப் புளியங்கொட்டைக்கு முளைப்பு இல்லை. "சாகாத பனை கிடைத்தும் அதில் கள் இறக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே, அந்தக் காலத்து ஜனங்கள் அவ்வளவு நல்லவர்களா?" என்று ரஸாயனம் கேட்டார். சந்நிதி வாசலில் நின்று கேட்கும் கேள்வியா இது என்று அவரைக் காருக்குள் தள்ளினேன்.

பேரூருக்கு அப்பால் சாலை நேரே மலையை நோக்கிப் போகிறது. வெள்ளியங்கிரியும் அதைச் சேர்ந்த மலைகளும் நீல மதில்போல் எதிரே எழுந்து நிற்கின்றன. நொய்யல் அங்கேதான் பிறக்கிறது. இரு பக்கமும் தென்னை, பாக்கு, வாழை, மஞ்சள். நடுநடுவே புது வீட்டு மனைகள். மாதம்பட்டிக்குச் சிறிது இப்பால் ஓரிடத்தில், இடுப்புயரப் புல்லுக்கு நடுவில் வரிசை வரிசையாகக் கல் தூண்கள் மாத்திரம் நின்றுகொண்டிருந்தன. மேலே கூரை இல்லை, கீழே தளம் இல்லை. ஏதோ பாழடைந்த மண்டபம், சரித்திர ஆசிரியரின் கண்ணில் இத்தனை நாள் படாமல் போயிற்றே என்று நான் பரபரப்படைந்தேன். இறங்கிப் பார்த்தால், தூண்களுக்கு இடையே மஞ்சள் வர்ணம் பூசின சிறு கற்களில் மனை எண்கள் எழுதியிருந்தன. அது மண்டபம் அல்ல. இறந்துபோன ஒரு திராட்சைப் பந்தலின் எலும்புக்கூடு. கொடியை வெட்டிக் கம்பியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். தூணைப் பிடுங்கக் கூலி அதிகமென்று விட்டுவைத்திருந்தார்கள் போலும்.

பையன் இட்டேரி முனையில் சைக்கிளுடன் காத்திருந்தான். மாதம்பட்டி, தீத்திபாளையம், குப்பனூர்ப் பக்கங்களில் ஒரு காலத்தில் எந்த இட்டேரியில் நுழைந்தாலும் திராட்சைப் பந்தலில்தான் போய் முட்டும் என்று சொல்கிறார்கள். இப்போது வழிகாட்ட ஆள் வேண்டியிருக்கிறது.

பந்தலுக்குள் நுழையச் சற்றுத் தலை குனிய வேண்டும். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலாகக் கல் தூண்களின் தலையில் கம்பி வலை பின்னி, அதன்மேல் கொடியைப் படர விட்டிருக்கிறார்கள். மேலே பச்சைக் கூரை. கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழங்கள் தொங்குகின்றன. பழத்தின்மேல் விபூதி பூசினாற்போல் மெல்லிய வெண்படலம். விரலால் தொட்டால் அது போய்விடும். பிறகு வியாபாரி விலையைக் குறைப்பானாம். வெளியே வெயில் கொளுத்துகையில் உள்ளே கர்ப்பக்கிருகத்தின் குளிர்ச்சி. அங்கே நின்றபோது ரஸாயனம்கூட ஐந்து நிமிஷம் பேசவில்லை.

பையனின் தகப்பனார் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். மெலிந்த தேகம், கையில் கத்திரி. "வாங்க வாத்தியாரய்யா, வாங்க. ஒறம்பரை வந்த மாதிரி இருக்குதுங்க" என்று வரவேற்றுப் பந்தலைச் சுற்றிக் காட்டினார். அவர் சொல்லித் தெரிந்துகொண்டவற்றில், என்னைத் திகைக்க வைத்தது ஒன்று. குளிர் தேசங்களில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும். வசந்தம் வந்ததும் கண் விழிக்கும். ஆகவே வருஷத்துக்கு ஒரு மகசூல். நமது ஊரில் அதற்குத் தூக்கம் என்பதே கிடையாது. மனிதன் கத்திரியை எடுத்துக் கவாத்துச் செய்தால்தான் பழையதை மறந்து புதுத் தளிர் விடும். வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். இரண்டு வருஷத்தில் ஐந்து மகசூல்கூட எடுப்பதுண்டு. "மாடா இருந்தா வருசத்துக்கு ஒரு கன்னு போடுதுங்க. இதுக்கு ஓய்வே இல்லீங்க, எனக்கும் இல்லீங்க" என்றார் கவுண்டர்.

இந்தப் பன்னீர்த் திராட்சை நமது நாட்டுக்கு வந்த வழியும் ஒரு கதை. சாஸ்திரிய புத்தகங்களில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். குளிருக்குப் பயந்து இங்கிலாந்துக்காரர்கள் கண்ணாடி வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்த ஜாதி. இது 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கையோடு தமிழ்நாட்டுக்கு வந்தது என்று கம்பம் பள்ளத்தாக்கில் சொல்கிறார்கள். கண்ணாடி வீட்டில் செல்லமாக வளர்ந்த பெண் புகுந்த வீட்டு வெயிலில் எப்படித் தழைத்தாள் என்பதற்குக் கம்பமே சாக்ஷி. அங்குள்ள பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கோயமுத்தூர்ப் பழத்துக்கு அந்த மாதிரிப் பட்டம் ஒன்றும் இல்லை. அக்காள் மகாராணி, தங்கை சமையற்காரி என்ற கதைதான்.

பந்தலின் ஓரக்கால்களில் நீலமும் வெள்ளையுமாகக் கறை படிந்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்ததன் அடையாளம். ரஸாயனத்துக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. பிரான்ஸ் தேசத்தில் போர்தோ பக்கத்துக் குடியானவர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமலிருப்பதற்காகச் சாலையோரக் கொடிகளில் மாத்திரம் இந்த நீலக் கலவையைத் தெளித்து வைத்தார்களாம். அந்த வருஷம் அடிச்சாம்பல் நோய் வந்து தோட்டம் முழுவதும் நாசமாயிற்று. சாலையோரக் கொடிகள் மாத்திரம் பிழைத்தன. அதைக் கவனித்த மில்லார்தே என்னும் பேராசிரியர் பரிசோதனைகள் செய்து, 1885-இல் போர்தோ கலவையை உலகத்துக்குக் கொடுத்தார். "திருடனுக்குப் பயந்து செய்தது நோய்க்கு மருந்தாயிற்று, பார்த்தீரா?" என்று ரஸாயனம் முடித்தார்.

கவுண்டர் சிரித்தார். "நம்முளுக்குத் திருடன் பரவாயில்லீங்க. பிடிச்சாக் கும்பிட்டு ஓடிப் போயிருவான். மயிலை என்னங்க பண்றது?"

தோட்டத்தைச் சுற்றிலும் பழம்புடைவைகளை வரிசையாகக் கட்டியிருந்ததன் காரணம் அப்போது விளங்கிற்று. மயில்கள் கூட்டமாக வந்து கொத்துகளைச் சிதைத்துவிட்டுப் போகின்றன. அடிக்கச் சட்டம் இடம் கொடாது. அது 1963 முதல் நமது தேசியப் பறவை. சட்டம் இடம் கொடுத்தாலும் கவுண்டர் அடிக்க மாட்டார். அது மருதமலை ஆண்டவருடைய வாகனம். மலையடிவாரத்தில் யானையும் வரும். யானை பந்தலையே சாய்த்துவிட்டுப் போகும்.

சாளையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மோர் கொடுத்து, கவுண்டர் காகிதத்தை எடுத்து வந்தார். வேறு மாகாணத்தில் ஒயின் ஆலை வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் ஒப்பந்த நகல். ஏழு பக்கம், எழுத்து எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்தது. நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, ரஸாயனம் நடுநடுவே விளக்கம் சொன்னார்.

சாராம்சம் இதுதான். இப்போதுள்ள பன்னீர்க் கொடிகளை எடுத்துவிட்டு, கம்பெனி கொடுக்கும் ஒயின் ஜாதிக் கன்றுகளைக் கவுண்டர் தமது மூன்று ஏக்கரிலும் நட வேண்டும். பழம் வரும் வரையில் செலவு அவருடையது. வந்த பழத்தை முன்கூட்டிப் பேசிய விலைக்குக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். அந்த விலை, தெருவண்டிக்காரன் கொடுப்பதைக் காட்டிலும் நிச்சயமாக அதிகம். ஆனால் பழச்சாற்றின் சர்க்கரை கருவியில் இருபத்திரண்டு டிகிரி காட்ட வேண்டும். குறைந்தால் விலை குறையும். இருபதுக்குக் கீழே போனால் வாங்க மறுக்கக் கம்பெனிக்குப் பாத்தியம் உண்டு. மறுத்த பழத்தையும் கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வேறு ஆலைக்கு விற்கக் கூடாது.

"இருபத்திரண்டு டிகிரி எதற்கென்றால்" என்று ரஸாயனம் கட்டிலில் சம்மணமிட்டுப் பாடம் நடத்தலானார். "சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தின்கிறது. தின்ற சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி சாராயம், பாதி கரியமில வாயு. இருபத்திரண்டு டிகிரிச் சாற்றிலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு சாராயம் உள்ள ஒயின் வரும். அதற்குக் குறைந்தால் சரக்கு நிற்காது. ஒயின் பழம் சிறியது, தோல் தடித்தது, கொட்டை அதிகம். தின்ன லாயக்கில்லை."

"அப்ப அவங்க வேண்டாமுன்னுட்டா?" என்று கவுண்டர் கேட்டார்.

தின்ன லாயக்கில்லாத பழத்தை டவுன்ஹால் தெருவண்டிக்காரனும் வாங்க மாட்டான். அந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடத்திலும் பதில் இல்லை.

இதுவரையில் கட்டுத்தரைப் பக்கம் உட்கார்ந்து எருமைக்குத் தீவனம் பிசைந்துகொண்டிருந்த கிழவி ஒருத்தி எழுந்து வந்தாள், கவுண்டரின் தாயார். "வாத்தியாரு கண்ணு, ஒண்ணு சொல்லு. அந்தக் காகிதத்திலே பழத்தெத் திங்கறதுக்குக் கேட்டிருக்கறானா, குடிக்கறதுக்குக் கேட்டிருக்கறானா?"

"குடிக்கத்தான் அம்மா."

"எனக்குக் கண்ணாலமான வருசந்தான் கடையைத் தொறந்தாங்க. இவங்கய்யன் அதுக்கு முன்னாடி பீடி கூடக் குடிச்சவரில்லே. நாப்பத்தஞ்சு வயசிலே கொண்டு போய் வெச்சுட்டு வந்தோம். திங்கறதுக்கு வெச்ச கொடியைப் புடுங்கிப் போட்டுக் குடிக்கறதுக்குக் கொடி வெக்கோணுமா?"

நான் மனத்துக்குள் கணக்குப் பார்த்தேன். அது 1971. இருபத்து மூன்று வருஷமாக அமுலில் இருந்த பூரண மதுவிலக்கைத் தளர்த்திய வருஷம்.

கவுண்டர் தாயாரை மரியாதையாகவே மறுத்தார். "ஏனுங்கம்மா, குடிக்கறவன் நம்ம பழமில்லேன்னா குடிக்காம இருந்துக்குவானா? போன பட்டத்திலே கிலோ பதினெட்டு ரூவாய்க்குக் கேட்டானுங்க வாத்தியாரய்யா. மருந்தடிச்ச கூலிக்குக் காணலே. பொறுக்கறதுக்கு ஆளில்லே. இப்படியே போனா நானும் மஞ்சக் கல்லுத்தான் நடோணும். மஞ்சக் கல்லுக்கு இந்தப் புட்டி தேவலீங்களா இல்லீங்களா, அதைச் சொல்லுங்க."

நவம்பர் முதல் தேதிக்குள் கையெழுத்து வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். வகுப்பில் விடை தெரியாத கேள்வி வந்தால் 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று தப்பித்துக்கொள்வது எங்கள் குலத்தொழில்.

திரும்புகையில் ரஸாயனத்துக்கு ஒரு மனக்குறை. திராட்சை யாத்திரை என்று புறப்பட்டு, ஓர் ஒயின் ஆலையைக்கூடக் கண்ணால் காணவில்லையே என்றார். நான் ஒன்று பார்த்திருக்கிறேன் என்றேன். போத்தனூரில் நான் சிறுவனாயிருந்தபோது, ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ-இந்தியர் ஒருவரின் மனைவி எங்களுக்கு அண்டை வீட்டுக்காரி. கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்னால் அவளுடைய சமையலறை மூலையில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி தோன்றும். கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் தண்ணீரும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, துணியால் வேடு கட்டி வைப்பாள். தினம் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளற வேண்டும். காதை வைத்துக் கேட்டால் ஜாடிக்குள் யாரோ முணுமுணுப்பதுபோல் சப்தம் கேட்கும். பண்டிகையன்று கேக்குடன் ஒரு சிறு கோப்பை எங்கள் வீட்டுக்கும் வரும். என் தாயார் கேக்கை வாங்கிக்கொண்டு, கோப்பையை வணக்கத்துடன் திருப்பி அனுப்பிவிடுவாள். இருபது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். ஒரு வருஷமும் அந்த அம்மாள் அனுப்பத் தவறியதில்லை. ஒரு வருஷமும் என் தாயார் வாங்கிக்கொண்டதில்லை. இருவருக்கும் அதில் மனஸ்தாபம் என்பதே கிடையாது.

நான் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவன். வருஷா வருஷம், "1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது" என்று ஒரே வாக்கியத்தில் பாடத்தை முடித்துவிடுவேன். அந்த வாக்கியம் பிறந்த இடமும் நமது கொங்கு நாட்டில்தான் இருக்கிறது. கவுண்டருக்கு யோசனை சொல்வதற்கு முன் அதைப் பார்த்து வர வேண்டும் என்று தோன்றிற்று. அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, விடியற்காலையில் மறுபடியும் இருவரும் கிளம்பினோம். இந்தத் தடவை கிழக்கே.

பல்லடம், காங்கயம், சென்னிமலை வழியாக ஈரோடு போகும் பாதை, புட்டிக்காரர்களுக்குப் புதிதல்ல. கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் ரோமாபுரி வெள்ளி நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன. சென்னிமலைக்கு மேற்கே நொய்யற்கரையில் கொடுமணல் இருக்கிறது. சங்கப் புலவர்கள் கொடுமணம் என்று பாடிய ஊர். அங்கே அகழ்ந்தெடுத்த மணிகளையும் மணி செய்த பட்டறைகளையும் பார்த்தால், யவனர்கள் ஏன் இந்த வழியைத் தேடி வந்தார்கள் என்பது விளங்கும். பாண்டியன் ஒருவன் யவனர் கொண்டு வந்த வாசனை மதுவைப் பொற்கிண்ணத்தில் பருகியதாகப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். ஆக, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் திராட்சை மதுவுக்கு இங்கே மவுசு இருந்தது. ஆனால் அது அரசர்களுக்கு. குடியானவன் குடித்தது பனையும் தென்னையும் கொடுத்தது.

ஈரோட்டில் தேநீருக்கு இறங்கினோம். ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921-இல், கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்ற தெருக்கள் இவை. பெரியார் அப்போது காங்கிரஸில் இருந்தார். கள்ளுக்குப் பயன்படக் கூடாதென்று தமது தோப்பில் ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்று சொல்வார்கள். தென்னையை வெட்டுவது கொங்கு நாட்டில் பிள்ளையை வெட்டுவதற்குச் சமானம். பிள்ளை என்றே அதற்குப் பெயர்.

திருச்செங்கோட்டு மலையைத் தூரத்தில் கும்பிட்டுவிட்டுப் புதுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். சேலத்தில் பேரும் பணமும் சம்பாதித்த வக்கீல் ராஜாஜி, 1925-இல் அதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்து காந்தி ஆசிரமம் அமைத்தார். ஊர் ஜமீன்தார் இடம் கொடுத்தார். கதர், வைத்தியம், தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றுடன் மதுவிலக்கும் ஆசிரமத்தின் வேலை. அதற்கென்றே 1929-இல் 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். ஆசிரமத்தில் இருந்து அதற்குக் கை கொடுத்தவர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி. பத்து இதழ்கள்தான் வந்தன. ஆனால் அங்கே பேசியதையெல்லாம், 1937-இல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானவுடன் ராஜாஜி சட்டமாகச் செய்தார். சோதனையைத் தமது சொந்த ஜில்லாவிலேயே முதலில் செய்தார். கள்ளு வருமானம் போனதற்கு ஈடாக 1939-இல் விற்பனை வரி போட்டார். யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. சுதந்திரம் வந்தபின், 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, ஓமந்தூரார் மந்திரிசபை அதை மாகாணம் முழுவதற்கும் கொண்டு வந்தது.

விசித்திரம் என்னவென்றால், அந்த 1937-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. 2003 முதல் சில்லறைக் கடைகளை நடத்தி வரும் டாஸ்மாக் கம்பெனியும் மதுவிலக்கு இலாகாவின் கீழ்தான் இருக்கிறது. ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அதனால் சர்க்காருக்கு வருமானம். விற்பனை வரியையும் ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அது பெயரை மாற்றிக்கொண்டு நம்முடன்தான் இருக்கிறது!

ஆசிரமத்தில் கதர் வேலை இன்றும் நடக்கிறது. மரங்களின் நிழலில் ஓடு வேய்ந்த கட்டடங்கள். ஜயந்தி தினமாகையால் சிலர் நூற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்திருந்த சுற்றுவட்டாரத்துப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். 1937-இல் அவர் பிறக்கவில்லை; ஆனால் தம்முடைய அப்பாரு சொல்லக் கேட்டிருக்கிறார்.

"நெசவுக்காரர் வீட்டிலெல்லாம் அந்த வருசந்தான் பொம்பளைக கையிலே காசைப் பார்த்தாங்களாமுங்க. சந்தையிலே சேலை வித்துதாமுங்க. அது நெசந்தான். ஆனா அப்பாரு இன்னொண்ணும் சொல்லுவாரு. மரமேறி ஒருத்தரு, எங்க தோட்டத்துப் பனையிலே முப்பது வருசமா ஏறுனவரு. மறுநாள் காலையிலே வழக்கம்போல வந்து, மரத்தடியிலே உக்காந்துக்கிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாராமுங்க. பதனி இறக்கிக் கருப்பட்டி காய்ச்சலாமுன்னாங்க. கருப்பட்டி எல்லாருக்கும் சோறு போடலீங்க."

எங்கள் பாடப் புஸ்தகத்தில் அந்த மரமேறி இல்லை. சேலை வாங்கிய பெண்கள்கூட இல்லை. தேதி மாத்திரம் இருக்கிறது.

வரும் வழியெல்லாம் டாஸ்மாக் கடைகள் பூட்டிக் கிடந்தன. காந்தி பிறந்த நாளில் மாத்திரம் அவை அவருக்கு மரியாதை செய்கின்றன. காரில் ரஸாயனத்துக்கும் எனக்கும் நல்ல வாக்குவாதம் நடந்தது. கவுண்டர் கையெழுத்துப் போடட்டும் என்பது அவர் கட்சி. நாசிக்கில் 2000-இல் முதல் புட்டியை வெளியிட்ட சூலா ஆலைக்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன, ஒயின் பிராந்தியல்ல, பிராந்தி விற்கும் நாட்டில் திராட்சைக் குடியானவனுக்கு மாத்திரம் மதுவிலக்கா, கள் இறக்கும் தென்னைக்காரனுக்கு மாத்திரம் 1987 முதல் தடையா என்று கேட்டார். கடைசிக் கேள்வி நியாயமானது என்று நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அதே நாசிக் பக்கத்தில் 2008, 2009-ஆம் வருஷங்களில் வியாபாரம் மந்தமானபோது, ஒயின் ஜாதிக் கொடிகளைக் குடியானவர்கள் பிடுங்கிப் போட்டதையும் ஞாபகப்படுத்தினேன். அங்கே தோட்டத்துக்குப் பக்கத்தில் பல ஆலைகள். ஒன்று மறுத்தால் மற்றொன்றின் வாசலிலாவது போய் நிற்கலாம். நம் கவுண்டருக்கு அறுநூறு மைலுக்கு அப்பால் ஒரே ஒரு வாசல்.

ஆகையால், கையெழுத்துப் போட வேண்டாம். செலவில் பாதியைக் கம்பெனி ஏற்று, மறுத்த பழத்தை இஷ்டம்போல் விற்கும் சுதந்திரமும் கொடுத்தால் ஓர் ஏக்கருக்கு மாத்திரம் யோசிக்கலாம் என்று கவுண்டருக்குச் சொல்லி அனுப்பினேன். ஷரத்துகளைப் பென்ஸிலால் திருத்தியும் கொடுத்தேன். எழுதும்போது ஒரு சந்தேகம் என்னை உறுத்திற்று. ஷரத்துகள் நல்லவையாக இருந்திருந்தால் நான் சம்மதித்திருப்பேனா? கோப்பையைத் திருப்பி அனுப்பிய என் தாயாரின் கைதான் அந்தப் பென்ஸிலைப் பிடித்திருந்ததோ என்னவோ. அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். திருத்தி அனுப்பிய காகிதத்துக்குக் கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. தேதியும் கடந்துவிட்டது. இட்டேரி முனையிலேயே எனக்குத் திக்கென்றது. சாலையோரத்து ஏக்கரில் பந்தல் இல்லை. தூண்கள் நின்றன, அவற்றுக்கு நடுவில் மஞ்சள் கற்கள்.

"பேங்கிக் கடனுங்க" என்றார் கவுண்டர். "அதை அடைச்சாச்சு. இதைப் பாருங்க."

பின்னால் இருந்த இரண்டு ஏக்கரில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. பச்சைக் கூரை போய், கம்பிமேல் பழுப்புக் குச்சிகள் மாத்திரம் கிடந்தன. பந்தலுக்குள் வெயில் கட்டம் கட்டமாக விழுந்தது. கிழவி, வெட்டி விழுந்த இலைக்கொத்துகளை ஆட்டுக்கென்று கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வாத்தியாரு கண்ணு, காகிதம் படிச்ச கூலி உள்ளே இருக்குது, மறக்காமெ எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். கடைசி மகசூலில் எனக்கென்று எடுத்து வைத்திருந்த நாலு கிலோப் பழம். மூன்று கிலோவுக்குப் பணம் கொடுக்க நான் பட்ட பாட்டை இங்கே எழுத வேண்டாம்.

வெட்டிய குச்சி முனைகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வேர் மேலே அனுப்புகிற நீர், இலை இல்லாமையால் வெட்டுவாயில் கசிகிறது, இரண்டு நாளில் நின்றுவிடும் என்று ரஸாயனம் விளக்கினார். பையன் ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"இனிப்பே இல்லீங்க சார்" என்றான்.

"நாலு மாசமாகும், போடா" என்று கவுண்டர் அடுத்த கொடிக்குக் கத்திரியை எடுத்துக்கொண்டு போனார்.